தவறான விடை முதலில் உங்கள் காதில் விழட்டும்

டர்பனிலும் சுற்றுவட்டாரத்திலும் இளநிலை மாணவர்களுக்குக் குவாண்டம் இயக்கவியல் கற்பிக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம்.

நான் உங்களில் ஒருவன் அல்லன். டர்பன் புறநகரான சாட்ஸ்வொர்த்தில் ஒரு கோயில் மண்டபத்தின் பின்னறையில் செவ்வாய், வியாழன் மாலைகளில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறவன். திருவிழாக் கூழ் காய்ச்சும் அண்டாக்கள் அறையில் பாதியை அடைத்துக்கொண்டிருக்கும். மீதிப் பாதியில் ஒரு கரும்பலகையும் பன்னிரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளும். பள்ளி வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் பள்ளி இறுதியாண்டு (மெட்ரிக்) மாணவர்களுக்காகத் தொடங்கிய வகுப்பு. அவர்களில் சிலர் பல்கலைக்கழகம் போனார்கள். போனவர்களில் சிலர் இரண்டாம் ஆண்டிலும் மூன்றாம் ஆண்டிலும் முகம் வாடித் திரும்பி வந்தார்கள். "அங்கிள், குவாண்டம்" என்பார்கள். அதற்கு மேல் சொல்லத் தெரியாது, வயிற்றுவலிக்காரன் வயிற்றைத் தொட்டுக் காட்டுவதுபோல.

தமிழில் எழுதுகிறாயே, யார் படிப்பார்கள் என்று என் மனைவி கேட்டாள். சென்னையிலும் மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் படித்துவிட்டு இங்கே வந்து கற்பிப்பவர்கள் படிப்பார்கள், அவர்கள் தேநீர் நேரத்தில் மற்றவர்களுக்குச் சொல்வார்கள் என்றேன். நம் தென்னாப்பிரிக்காவின் 1996ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டம் 6ஆம் பிரிவில், மதித்து வளர்க்கவேண்டிய மொழிகளின் வரிசையில் தமிழின் பெயரையும் போட்டு வைத்திருக்கிறது. போட்டுவைத்த பெயருக்கு அவ்வப்போது ஏதாவது வேலை கொடுக்க வேண்டாமா?

சென்ற மார்ச்சில் ஒரு வியாழக்கிழமை மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி வந்தாள். நோட்டைப் பிரித்துக் காட்டினாள். முடிவிலா ஆழமுள்ள பெட்டிக்குள் அடைபட்ட துகளுக்கு, குவாண்டத்தின் அடிப்படைச் சமன்பாடான ஷ்ரோடிங்கர் சமன்பாட்டைத் தீர்த்திருந்தாள். இரண்டரைப் பக்கம், ஓர் அடித்தல் திருத்தல் இல்லை. எல்லை நிபந்தனைகள், இயல்பாக்கம், ஆற்றல் மட்டங்கள் எல்லாம் சரி. ஓரத்தில் சிவப்பு மையில் முழு மதிப்பெண். எதற்கு வந்தாள் என்றே எனக்குப் புரியவில்லை. சும்மா ஒரு கேள்வி கேட்டேன்.

"முதல் மட்டத்தின் ஆற்றல் 1 அலகு என்று வைத்துக்கொள். இரண்டாவது மட்டம் 4 அலகு. துகளின் நிலை இவ்விரண்டின் சமக் கலவை. இப்போது ஆற்றலை அளந்தால் என்ன கிடைக்கும்?"

"இரண்டரை."

"ஒவ்வொரு முறையுமா?"

"ஆமாம் அங்கிள். ஒன்றும் நான்கும் ஐந்து. அதில் பாதி."

"பகடையை உருட்டினால் சராசரி மூன்றரை. மூன்றரை விழுந்து எப்போதாவது பார்த்திருக்கிறாயா?"

அவள் சற்றுநேரம் அண்டாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சிரித்துவிட்டாள். "அப்படியென்றால் 1 வரும், அல்லது 4 வரும். பாதிக்குப் பாதி."

"சரி. 1 வந்துவிட்டது. உடனே மறுபடி அளக்கிறாய்."

"மறுபடியும் பாதிக்குப் பாதி."

இது அடுத்த தவறு. அளந்ததுமே நிலை முதல் மட்டத்துக்குச் சுருங்கிவிட்டது, இனி 1தான் வரும் என்ற இடத்துக்கு அவளாக வந்து சேர இருபது நிமிடம் ஆயிற்று. நான் சொல்லியிருந்தால் இருபது நொடி. "இப்போது துகள் எங்கே இருக்கிறது என்று அளந்துவிட்டு, அதன் பிறகு ஆற்றலை அளந்தால்?" என்று அடுத்ததைப் போட்டேன். ஆற்றல்தான் 1 என்று ஏற்கெனவே தெரிந்துவிட்டதே, அது எங்கே போய்விடும் என்றாள். மூன்றாவது தவறு. இடத்தை அளந்த கணத்தில் அந்தப் பழைய நிலை போய்விட்டது. இனி 1, 4, 9, 16 என்று எந்த மட்டம் வேண்டுமானாலும் வரலாம். அதையும் அவளே கண்டுபிடித்தாள், வீட்டிலிருந்து கார் வந்து வாசலில் நிற்கும் நேரத்தில்.

"வகுப்பில் இதைக் கேட்டிருக்கலாமே?" என்றேன்.

"கேட்பதற்கு இடைவெளி எங்கே அங்கிள்? எழுதுவதற்கே நேரம் சரியாக இருக்கிறது."

இந்த மடலில் நான் சொல்ல வந்தது இந்த ஒன்றுதான். அந்த மூன்று தவறான விடைகளும் மாலை ஏழு மணிக்கு என் பின்னறைக்கு வந்தன. காலை பத்து மணிக்கு உங்கள் வகுப்பறைக்கு வந்திருக்க வேண்டியவை. நீங்கள் அங்கே இருக்கிறீர்கள், என்னைவிட நூறு மடங்கு தெரிந்தவர்கள். ஆனால் அவள் வாயைத் திறக்கும் தருணம் உங்கள் ஒரு மணி நேரத்தில் எங்கும் இல்லை.

உங்களைக் குறை சொல்லும் யோக்கியதை எனக்கு உண்டா என்றால், இல்லை. நானும் இருபத்தைந்து ஆண்டுகள் சுண்ணக்கட்டியோடு முதுகைக் காட்டி நின்றவன்தான். என்னை வளர்த்ததும் அதே முறை. மதுரைப் பக்கம் முதுநிலை படித்தபோது ஹைட்ரஜன் அணுவின் தீர்வை ஏழு பக்கம் மனப்பாடமாக எழுதுவேன். வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர், "அடிநிலையில் எலக்ட்ரான் அணுக்கருவிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்க வாய்ப்பு அதிகம்?" என்றார். நீல்ஸ் போர் கணக்கிட்ட அணு ஆரமான 'போர் ஆரம்' என்றேன். "அலைச் சார்பு பெருமமாக இருப்பது எங்கே?" என்றார். மையத்தில் என்றேன். "பிறகு ஏன் மையத்தில் இல்லை?" என்றார். வியர்த்துவிட்டது. மையத்தில் நிகழ்தகவு அடர்த்தி அதிகம், ஆனால் அங்கே இடம் இல்லை. தூரம் கூடக் கூடக் கோளக் கூட்டின் பரப்பு பெருகுகிறது, இரண்டையும் பெருக்கினால் போர் ஆரத்தில் உச்சம் வருகிறது. அந்த ஏழு பக்கத்துக்குள் இந்த விடையும் இருந்தது. அதை நான் எழுதியிருந்தேன், யோசித்ததில்லை. நல்லவேளையாக அந்த மனிதர் புன்னகைத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். நாற்பது ஆண்டுகளாகிவிட்டன, அவர் கேட்ட மூன்று கேள்விகளும் நினைவிருக்கின்றன, அந்த ஏழு பக்கம் நினைவில்லை.

மாணவர்கள் எங்கே இடறுகிறார்கள் என்பது இன்று ஊகமாக இல்லை. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் சந்திரலேகா சிங் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இதையே ஆராய்ந்து வருகிறார். என் மாணவி சொன்ன விடைகள் அமெரிக்க மாணவர்களின் வாயிலிருந்தும் அப்படியே வருகின்றன. ஓர் அளவுக்கான ஐகன் நிலை (அளந்தால் ஒரே விடையை உறுதியாகத் தரும் நிலை) எல்லா அளவுக்கும் ஐகன் நிலை என்று நினைப்பது, சுவரை ஊடுருவி வெளிவரும் துகள் வழியில் ஆற்றலை இழந்துவிடும் என்று நம்புவது எல்லாம் ஊர் ஊராகத் திரும்பத் திரும்பக் காணப்பட்ட இடறல்கள். தமிழில் இதற்கு ஒரு கூடுதல் சிக்கலும் உண்டு. 'நிலை' என்று சொன்னதும் அது நிற்கிறது என்ற எண்ணம் வந்துவிடுகிறது. இதிலே 'stationary state' என்பதை 'மாறா நிலை' என்று வேறு மொழிபெயர்த்து வைத்தால், துகள் பெட்டியின் நடுவில் அசையாமல் உட்கார்ந்திருப்பதாக ஒரு படம் மனத்தில் விழுந்துவிடும். பிறகு அதை அழிப்பது பெரும்பாடு.

கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் லூயி டெலோரியேயும், 2001இல் நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமனும் 2011இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரே தரத்திலான இரண்டு மாணவர் குழுக்கள், பாடம் குவாண்டம் கருத்துகள். ஒரு குழுவுக்குச் சொற்பொழிவு முறை. சொற்பொழிவாளரும் சாதாரண ஆள் அல்லர், மாணவர்கள் மிக உயர்வாக மதிப்பிட்டவர். இன்னொரு குழுவுக்குக் கேள்வி, விவாதம், உடனடித் திருத்தம். முதல் குழு 19 விழுக்காடு குறைவாகப் பெற்றது. என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது இதுவல்ல. 6 மாதமும் 18 மாதமும் கழித்து மறுபடி சோதித்தபோது இரண்டு குழுக்களுமே மிகச் சொற்பமாகத்தான் மறந்திருந்தன. "தேர்வு முடிந்ததும் எல்லாவற்றையும் மறந்துவிடுகிறார்கள்" என்று ஆசிரியர் அறைகளில் நாம் புலம்புகிறோமே, அந்தப் புலம்பல் பொருந்தவில்லை. ஏறியது இறங்கவில்லை. ஏறியதுதான் குறைவு.

என்ன செய்யலாம்? பெரிய செலவெல்லாம் வேண்டாம். ஹார்வர்டில் எரிக் மஸூர் 1991இல் தொடங்கிய முறையை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் பேசுங்கள். ஒரு கேள்வி, நான்கு விடைகள். கணக்குப் போட வேண்டாத, யோசிக்க வேண்டிய கேள்வியாக இருக்கட்டும். ஒவ்வொருவரும் பக்கத்தில் பார்க்காமல் ஒரு விடையைத் தேர்ந்து அட்டையை உயர்த்த வேண்டும். அ, ஆ, இ, ஈ என்று நான்கு நிறத்தில் அட்டைகள். மின்னணுப் பொத்தான்கள் வாங்கப் பணம் இல்லையென்றால் அட்டையே போதும், மின்வெட்டிலும் வேலை செய்யும். ஏறத்தாழ 30 முதல் 70 விழுக்காடு பேர் சரியாகச் சொல்லியிருந்தால், விடையைச் சொல்லாதீர்கள். பக்கத்தில் இருப்பவரை நம்பவைக்கச் சொல்லுங்கள். மூன்று நிமிடம். மறுபடி அட்டை. அதன்பிறகு நீங்கள் பேசுங்கள். இப்போது கேட்பார்கள், ஏனென்றால் தாங்கள் பிடித்த முயலுக்கு எத்தனை கால் என்று தெரிந்துகொள்ளும் ஆவல் அவர்களுக்கு வந்திருக்கும்.

அந்த மூன்று நிமிடத்தில் என்ன மொழியில் பேசுகிறார்கள் என்று கவனிக்காமல் விட்டுவிடுங்கள். இது நம் ஊருக்கென்று நான் சேர்ப்பது. பக்கத்திலுள்ள உம்லாஸியிலிருந்து இரண்டு பையன்கள் என் வகுப்புக்கு வருகிறார்கள். என்னிடம் ஆங்கிலத்தில் பேசும்போது இருவரும் வாக்கியத்தை எண்ணி எண்ணி வைப்பார்கள். ஒருநாள் அந்த 'இரண்டரை' கேள்வியைக் கொடுத்துவிட்டு நான் தண்ணீர் குடிக்க வெளியே போனேன். திரும்பி வந்தால் இருவரும் எழுந்து நின்று ஜூலு மொழியில் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். நாக்கைச் சொடுக்கிச் சொல்லும் அந்த 'இல்லை' மட்டும்தான் எனக்குப் புரிந்தது. கையால் காற்றில் அலை வரைந்து, அதை வெட்டி, ஒரு பாதியைத் தூக்கி எறிந்தான் ஒருவன். சரியான விடை. ஆங்கிலத்தில் அவனிடமிருந்து அது வந்திருக்க அரைமணி ஆகியிருக்கும், ஒருவேளை வராமலே போயிருக்கும். முழு வகுப்பும் ஒருவர் வாயைப் பார்க்கும் முறையில், அந்த ஒருவரின் மொழியில் மட்டுமே எல்லோரும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

எங்கே தொடங்குவது என்பதும் ஒரு கேள்வி. பெரும்பாலான வகுப்புகள் ஷ்ரோடிங்கர் சமன்பாட்டிலும் பெட்டியிலும் தொடங்குகின்றன. முதல் மாதம் முழுவதும் வகைக்கெழுச் சமன்பாடு. குவாண்டம் எங்கே என்று தேட வேண்டும். அமெரிக்காவில் ஒரிகன் மாநிலப் பல்கலைக்கழகம் துகளின் 'ஸ்பின்' என்னும் சுழற்சியிலிருந்து தொடங்குகிறது, அதாவது 1922இல் ஸ்டெர்னும் கெர்லாக்கும் வெள்ளி அணுக் கற்றையைக் காந்தப் புலத்தில் இரண்டாகப் பிரித்த சோதனையிலிருந்து. விடைகள் இரண்டே இரண்டு, மேலே அல்லது கீழே. கணக்கு இரண்டு வரிசை அணி. மாணவர் முதல் வாரத்திலேயே அளவீட்டின் வினோதத்தை எதிர்கொண்டுவிடுகிறார். எனக்கு இந்த வழிதான் பிடித்திருக்கிறது. வேதியியலும் சேர்த்துப் படிப்பவர்களுக்கு அலைச் சார்பு சீக்கிரம் தேவைப்படும், அது நியாயம்தான். இரண்டு வாரம் தள்ளிப்போனால் குடி முழுகிவிடாது.

ஸ்டெர்ன்–கெர்லாக் கருவி என்னிடம் இல்லை. உடைந்த கணினித் திரை ஒன்று இருந்தது. அதன் மேல் ஒட்டியிருக்கும் போலராய்டுத் தாளை, அதாவது ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் தாளை, பொறுமையாக உரித்து மூன்று துண்டுகளாக வெட்டிக்கொண்டேன். 2023இல் நாளுக்குப் பல மணி நேரம் மின்சாரம் போய்க்கொண்டிருந்த காலம். விளக்கு அணைந்தது; நான் மாணவி ஒருத்தியின் கைப்பேசி விளக்கை வாங்கி அண்டாவின் மேல் வைத்தேன். இரண்டு துண்டுகளை, அவற்றின் திசைகள் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருக்கும்படி, ஒன்றன்மேல் ஒன்று பிடித்தேன்: இருட்டு. "நடுவில் மூன்றாவதைச் சாய்வாகச் செருகப் போகிறேன். இன்னும் இருட்டாகுமா, அப்படியே இருக்குமா, வெளிச்சம் வருமா? கையைத் தூக்குங்கள்." ஒன்பது பேரில் ஏழு பேர் இன்னும் இருட்டாகும் என்றார்கள். நியாயமான விடை. ஒளியை மறைக்கும் பொருளை இன்னும் ஒன்று சேர்த்தால் ஒளி எப்படிக் கூடும்? 45 பாகையில் செருகினேன். அண்டாவின் விளிம்பு தெரிந்தது. முதல் தகட்டைத் தாண்டிய ஒளியில் கால் பங்கு வெளியே வருகிறது, தகடுகள் குறையற்றவை என்றால். ஒரு பெண் "ஐயோ" என்றாள். அவளுடைய வீட்டில் தமிழ் பேசுகிறவர் பாட்டி மட்டும்தான். ஆனால் அந்தச் சொல் எப்படியோ மிச்சமிருக்கிறது.

கெட்டிக்காரன் ஒருவன் உடனே மடக்கினான்: "இது தகடுகளின் கோணத்துக்கேற்ப ஒளி குறையும் என்கிற மாலஸ் விதி அங்கிள், அலையை வைத்தே சொல்லிவிடலாம். குவாண்டம் எங்கே?" இந்தக் கேள்வி வருவதற்காகத்தான் இந்தச் சோதனை. ஒளியைக் குறைத்துக்கொண்டே போ. ஒரே ஒரு ஃபோட்டான், அதாவது ஒளித்துகள், வருகிறது. அது 45 பாகைத் தகட்டில் பாதியாகப் போகுமா? போகாது. முழுதாகப் போகும், அல்லது போகவே போகாது. அதே பகடை. அதே 'இரண்டரை'. ஆற்றலும் பெட்டியும் இல்லாமலே அங்கு வந்து சேர்ந்துவிட்டோம்.

இந்த நகரத்தில் இதைக் கற்பிக்கிறவர்களுக்கு வேறெங்கும் கிடைக்காத ஓர் உதாரணம் கைவசம் இருக்கிறது. 2010 உலகக் கோப்பைக் கால்பந்தின்போது மோசஸ் மபிடா விளையாட்டரங்கத்துக்கும் பாதுகாப்புக் கட்டுப்பாட்டு மையத்துக்கும் இடையே சென்ற தகவல்களை, யாராவது ஒட்டுக்கேட்டால் காட்டிக்கொடுத்துவிடும் குவாண்டம் திறவுகோல் முறையில் காத்தார்கள். அந்த அரங்கத்தின் வளைவை மாணவர்கள் வாரந்தோறும் பார்க்கிறார்கள். அதனடியில் ஓடிய இழைகளில் ஒற்றை ஃபோட்டான் அளவிலான இயற்பியல் வேலை செய்தது என்று எத்தனை பேருக்குத் தெரியும்? நான் கேட்ட வரையில் ஒருவருக்கும் தெரியவில்லை.

இத்தகைய திறவுகோல் முறையின் மூத்த வடிவத்தை, பென்னட்டும் பிராஸார்டும் 1984இல் முன்வைத்ததை, வகுப்பில் அட்டை விளையாட்டாக ஆடலாம். முதல் வரிசை அனுப்புகிறது, மூன்றாம் வரிசை பெறுகிறது. அனுப்புகிறவர் நாணயம் சுண்டி ஒரு திசையமைப்பையும் (நேர் அல்லது சாய்வு) ஒரு எண்ணையும் (0 அல்லது 1) அட்டையில் எழுதுகிறார். பெறுகிறவரும் நாணயம் சுண்டித் தன் அமைப்பைத் தீர்மானித்த பிறகே அட்டையைத் திருப்ப வேண்டும். அமைப்பு ஒத்துப்போனால் எழுதியிருக்கும் எண். ஒத்துப்போகாவிட்டால் இன்னொரு முறை நாணயம். 40 அட்டை போனால் ஏறத்தாழ 20 ஒத்துப்போகும், அவற்றில் பிழை இருக்காது. இப்போது நடு வரிசையை ஒட்டுக்கேட்க விடுங்கள். நடுவில் இருப்பவரும் அதே விதிப்படி படித்து, தான் படித்ததைப் புதிய அட்டையில் எழுதி அனுப்ப வேண்டும். அந்த 20இல் ஏறத்தாழ 5 பிழையாகிவிடும். கால் பங்கு ஏன் என்று நீங்கள் விளக்க வேண்டாம், கேளுங்கள்; கண்டுபிடித்துவிடுவார்கள். ஓர் எச்சரிக்கை: அட்டையில் எண் முன்பே எழுதப்பட்டிருக்கிறது, ஃபோட்டானுக்குள் அப்படி ஒரு சீட்டு மடித்து வைக்கப்பட்டிருக்கவில்லை. விளையாட்டு முடிந்ததும் இந்த வேறுபாட்டையே அடுத்த கேள்வியாக்கிவிடுங்கள். இல்லையென்றால் ஒரு தப்பெண்ணத்தைத் துரத்தப் போய் இன்னொன்றுக்கு விருந்து வைத்தவர்கள் ஆவோம்.

பாடத்திட்டம் முடியாது என்பீர்கள். உண்மை, கொஞ்சம் முடியாது. மூன்று தருவிப்புகளைக் கைவிட வேண்டியிருக்கும். அவற்றை அச்சிட்டுக் கொடுத்துவிடுங்கள், உங்கள் கையெழுத்தைவிட அச்சு தெளிவாக இருக்கும். மாணவர்களே முறையிடுவார்கள் என்பதுதான் கனமான தடை. "எங்களையே பேசவிட்டுவிட்டு இவர் சும்மா நிற்கிறார்" என்று மதிப்பீட்டுப் படிவத்தில் எழுதுவார்கள். ஹார்வர்டிலேயே இப்படித்தான். 2019இல் வெளியான ஆய்வில், விவாத முறையில் படித்தவர்கள் கூடுதலாகக் கற்றிருந்தார்கள், ஆனால் குறைவாகக் கற்றதாகவே உணர்ந்தார்கள். வழுக்கிக்கொண்டு போகும் சொற்பொழிவு புரிந்ததுபோன்ற சுகத்தைத் தருகிறது. தடுமாறுவது தோல்விபோல் தோன்றுகிறது. இதை முதல் வாரத்திலேயே அவர்களிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது. துறைத் தலைவர்களும் அந்தப் படிவங்களைப் படிக்கும்போது நினைவில் வைத்துக்கொள்ளட்டும். புதிதாக முயன்று பார்க்கும் இளம் விரிவுரையாளர் அதற்காகத் தண்டிக்கப்படக் கூடாது.

தேர்வைப் பற்றி ஒரு வரி. வினாத்தாள் இரண்டரைப் பக்கத் தருவிப்பையே கேட்டுக்கொண்டிருந்தால், மேலே சொன்ன எதுவும் பலிக்காது. ஒரே ஒரு கேள்வியாவது 'ஏன்' என்று தொடங்கட்டும்.

இன்னொன்றும் இருக்கிறது, அதைச் சொல்லத் தயக்கமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் 225 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து 2014இல் வெளியிட்ட கணக்கில், சொற்பொழிவு வகுப்புகளில் ஏறத்தாழ 34 விழுக்காட்டினரும் மாணவர் பங்கேற்கும் வகுப்புகளில் ஏறத்தாழ 22 விழுக்காட்டினரும் தோற்றிருந்தார்கள். இங்கே அரசு உதவித்தொகையில் படிக்கும் பிள்ளைக்குத் தோல்வி என்பது மதிப்பெண் பட்டியலில் ஒரு கோடு மட்டுமல்ல. உதவித்தொகை நின்றுபோகும் அபாயம், வாடகை அறையைக் காலி செய்யவேண்டிய அபாயம். என் பின்னறைக்கு வரக் கூடியவர்கள் ஒருவகையில் கொடுத்துவைத்தவர்கள். பஸ் கட்டணம் இருக்கிறது, மாலையில் வேலைக்குப் போகவேண்டிய கட்டாயம் இல்லை. தவறான விடையைக் கொண்டுபோய்ச் சொல்ல ஓர் இடம் அவர்களுக்கு இருக்கிறது. மற்றவர்கள் அதை நேராகத் தேர்வுத்தாளில்தான் முதன்முதலாகச் சொல்கிறார்கள்.

போலராய்டுத் துண்டுகள் மூன்றும் மண்டபத்துப் பின்னறை அலமாரியில், திருநீற்றுத் தட்டுக்குக் கீழே, பழைய உறை ஒன்றில் இருக்கின்றன. முதல் முறை செய்து பார்க்க விரும்புகிறவர் வந்து எடுத்துச் செல்லலாம். அட்டை விளையாட்டின் விதிகளை ஒரு தாளில் எழுதி அதனுடன் வைத்திருக்கிறேன். புதன்கிழமைக்குள் திருப்பித் தந்துவிடுங்கள். வியாழக்கிழமை எனக்கு வகுப்பு இருக்கிறது.

இப்படிக்கு,
பின்னறை வாத்தியார்,
சாட்ஸ்வொர்த்